வெப்பம், உப்பு, அழுத்தம்: தாங்குவது எது? குமரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கடும் வெப்பத்திலும் கடல் நீரிலும் உழைக்கும் உலோகங்கள், செராமிக்குகள் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களுக்குச் சேர்த்தே பதில் தந்துள்ளோம்.

எங்கள் ஊர் மணலில் கிடைக்கும் ஜிர்கான் கூடங்குளம் அணு உலைக்குப் போகிறது என்கிறார்கள். உண்மையா? மணல் எப்படி உலோகமாகிறது?
(கல்லூரி மாணவர், மணவாளக்குறிச்சி)

கூடங்குளத்துக்குப் போகவில்லை. அங்கே இருப்பவை ரஷ்ய வடிவமைப்பு உலைகள். எரிபொருளும், அதைப் பொதிந்திருக்கும் ஜிர்கோனியம்-நியோபியம் குழாய்களும் ரஷ்யாவிலிருந்தே வருகின்றன. நம் நாட்டில் ஜிர்கான் மணலிலிருந்து எடுக்கும் ஜிர்கோனியம் உலோகம், கல்பாக்கம், கைகா போன்ற இடங்களில் உள்ள கனநீர் உலைகளுக்குப் பயன்படுகிறது. அந்த உலைகளுக்கான எரிபொருள் கற்றைகளை ஐதராபாத்தில் உள்ள அணு எரிபொருள் வளாகம் செய்கிறது.

உங்கள் ஊர் மணலின் மதிப்பு முதலில் தெரிந்தது 1909இல். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டார். இன்று மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். நடத்தும் ஆலை அந்த மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், ஜிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் என ஆறு கனிமங்களைப் பிரிக்கிறது. பிரிப்பதற்குப் பெரும்பாலும் ரசாயனமே வேண்டியதில்லை. சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி 2.65, ஜிர்கானுக்கு 4.6க்கு மேல். தண்ணீரோடு சுருள் வாய்க்காலில் இறக்கினால் கனமானது உள்பக்கம் ஒதுங்கும், வெள்ளை மணல் வெளிப்பக்கம் போகும். அதன்பின் காந்தமும் உயர் மின்னழுத்தமும். இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும், மின்சாரமும் கடத்தும். ரூட்டைல் கடத்தும், ஆனால் இழுபடாது. மோனசைட் லேசாக இழுபடும், கடத்தாது. ஜிர்கான் இரண்டுக்கும் மசியாது. இங்கே வேலையைக் கெடுப்பது ஈரம்தான். மணிகளின் மேல் ஈரப்படலம் இருந்தால் எல்லாமே மின்சாரம் கடத்தத் தொடங்கிவிடும், பிரிப்பு குழம்பிப்போகும். அதனால் மணலை நன்றாக உலர்த்தி, சூட்டோடு சூடாக அனுப்ப வேண்டும்.

ஜிர்கான் என்பது ஜிர்கோனியம் சிலிக்கேட். அதைக் காஸ்டிக் சோடாவோடு உருக்கி, கழுவி, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். இங்கேதான் முழு வேலையின் கடினமான கட்டம் வருகிறது. இயற்கையில் ஜிர்கோனியத்தோடு ஹாஃப்னியமும் 1 முதல் 2 சதவீதம் வரை கூடவே இருக்கும். வேதியியல் குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் நியூட்ரானை விழுங்குவதில் ஹாஃப்னியம் ஜிர்கோனியத்தைவிட ஏறக்குறைய 600 மடங்கு பெரியது. அது கலந்த குழாயை உலையில் போட்டால் எரிபொருளுக்குச் சேர வேண்டிய நியூட்ரான்களைக் குழாயே தின்றுவிடும். ஆகவே டிரைபியூட்டைல் பாஸ்பேட் கரைப்பானால் அந்த அமிலக் கரைசலைப் பல கட்டங்களாகக் கழுவி, ஹாஃப்னியத்தைப் பத்து லட்சத்தில் 100 பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும்.

பிறகு கிடைக்கும் ஆக்சைடைக் கரியோடு சேர்த்துக் குளோரின் வாயுவில் சூடாக்கினால் ஜிர்கோனியம் டெட்ராகுளோரைடு ஆவியாக வரும். அதை உருகிய மெக்னீசியத்தோடு வினைபுரிய விட்டால், துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற உலோகம் மிஞ்சும். சூடான ஜிர்கோனியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும் என்பதால் இதெல்லாம் ஆர்கானிலும் வெற்றிடத்திலும்தான் நடக்கும். பஞ்சை உடைக்கும்போது உதிரும் தூள் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. ஐதராபாத் வளாகத்தின் கிளையாக, ஆக்சைடும் பஞ்சு உலோகமும் செய்யும் ஜிர்கோனியம் வளாகம் உங்களுக்கு ரொம்ப தூரத்திலும் இல்லை, தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இருக்கிறது.

ஒதுக்கிய ஹாஃப்னியம் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். நியூட்ரானை விழுங்குவதாலேயே அது கட்டுப்பாட்டுக் கோல்களுக்கு ஏற்றது. ஹாஃப்னியம் கார்பைடு 3,900 டிகிரி செல்சியஸ் அருகேதான் உருகும். அதிவெப்பச் செராமிக் ஆராய்ச்சியில் அதற்குத் தனி இடம் உண்டு.

மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும்) எஞ்சின் சோதனையின்போது உள்ளே வெப்பம் 3,000 டிகிரியைத் தொடும் என்று படித்தேன். எந்த உலோகம் அதைத் தாங்குகிறது?
(ஆரல்வாய்மொழி)

எதுவும் தாங்குவதில்லை. எரியறையின் உள்சுவர் பெரும்பாலும் தாமிரக் கலவையில்தான் செய்யப்படுகிறது. தாமிரம் 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். இருந்தும் அதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், வெப்பத்தைக் கடத்தும் வேகம். துருப்பிடிக்காத எஃகைவிடத் தாமிரம் 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தை மறுபக்கம் தள்ளிவிடும். அந்த மறுபக்கத்தில் குறுகலான வாய்க்கால்கள் வெட்டி, அவற்றின் வழியே மைனஸ் 253 டிகிரியில் சேமித்த ஹைட்ரஜனைப் பாய்ச்சுகிறார்கள். ஹைட்ரஜன் சுவரைக் குளிர்வித்துத் தானும் சூடாகி, பிறகு எரியப்போகிறது. உருகுநிலையை மட்டும் பார்த்து டங்ஸ்டனைப் போட்டால் எடையும் கூடும், குளிரில் நொறுங்கும் குணமும் சேர்ந்து வரும்.

இந்த அமைப்பு பழுதாவது உருகுவதால் அல்ல, களைப்பால். எஞ்சின் பற்றியதும் உள்சுவர் விரிய முயலும். குளிர்ந்திருக்கும் வெளிச்சட்டை விடாது. மெல்லிய தாமிரம் நசுங்கி நிரந்தரமாக உருமாறும். நிறுத்திக் குளிர்ந்ததும் அதே இடம் இழுபடும். ஒவ்வொரு முறை பற்றி அணையும்போதும் வாய்க்காலின் கூரை கொஞ்சம் மெலிந்து, உள்நோக்கிப் பிதுங்கி, கடைசியில் நீளவாக்கில் கீறல் விடும். தாமிரத்தோடு குரோமியமும் ஜிர்கோனியமும் சிறிதளவு சேர்ப்பது இதைத் தள்ளிப்போடத்தான். கடத்துதிறன் அதிகம் குறையாமல் வலிமை கூடும்.

எரிந்த வாயு வெளியேறும் கூம்பான நாசிலின் கதை வேறு. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்ட எஞ்சினுக்குக் கொலம்பியம் (நியோபியம்) கலவையில் செய்த நாசிலுக்குப் பதிலாகக் கார்பன்-கார்பன் நாசிலை இஸ்ரோ உருவாக்கி, 2024 மார்ச் 19 அன்று மகேந்திரகிரியில் 60 விநாடியும், ஏப்ரல் 2 அன்று 200 விநாடியும் எரித்துச் சோதித்தது. இரண்டாம் சோதனையில் வெப்பம் 1,216 கெல்வின், அதாவது சுமார் 943 டிகிரி செல்சியஸ். நாசிலின் எடை 67 சதவீதம் குறைகிறது. அதனால் ராக்கெட் கூடுதலாக 15 கிலோ வரை சுமக்கலாம் என்பது இஸ்ரோவின் கணக்கு.

கார்பன்-கார்பனைச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். கார்பன் இழைத் துணியைப் பிசினோடு அடுக்கிக் கெட்டியாக்கி, காற்றில்லாத உலையில் மெதுவாக 1,000 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். பிசின் கரியாகும்போது ஏகப்பட்ட வாயு வெளியேறும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் அந்த வாயு வழி கிடைக்காமல் அடுக்குகளைப் பிளந்துவிடும். முடிந்ததும் உள்ளே துளைகள் நிறைய இருக்கும். ஹைட்ரோகார்பன் வாயுவை உள்ளே ஊடுருவச் செய்து, துளைச் சுவர்களில் கார்பனைப் படியவைத்து நிரப்ப வேண்டும். மேற்பரப்புத் துளை முதலில் மூடிக்கொண்டால் உள்ளே பொள்ளலாகவே நின்றுவிடும் என்பதால் குறைந்த அழுத்தத்தில், நீண்ட நேரம் நடக்கும் வேலை அது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருள், காற்று பட்டால் 500 டிகிரி அருகிலேயே எரியத் தொடங்கும். அதைக் காக்கத்தான் சிலிக்கான் கார்பைடு பூச்சு. சூட்டில் பூச்சின் மேல் மெல்லிய சிலிக்கா படலம் உருவாகி ஆக்சிஜனைத் தடுக்கிறது. பூச்சு கார்பனைவிட அதிகம் சுருங்குவதால், குளிரும்போது அதில் மயிரிழை வெடிப்புகள் விழுவது மட்டும் இன்னும் தொல்லை. இந்த வெடிப்பை அடைக்கும் வழிகளைப் பற்றி ஆராய்ச்சி நடந்துவருகிறது.

போன வருடம் மாற்றிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில், அதைத் தாங்கும் வளையமான புஷ் இருந்த இடத்தில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் குழிகள். வெளியே தெரியும் பகுதி பளபளவென்று இருக்கிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?
(விசைப்படகு உரிமையாளர், குளச்சல்)

ஏமாற்றாமலும் இப்படி ஆகும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தால் ஆக்சிஜனை எடுத்துத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். புஷ்ஷுக்கு உள்ளேயும், தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்ட் கயிற்றுக்கு அடியிலும், ஒட்டிய சிப்பிக்குக் கீழேயும் தண்ணீர் ஓடாமல் நின்றுவிடும். அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும், குளோரைடு சேரும், நீர் அமிலமாகும். படலம் அந்த இடத்தில் உடைந்தால் மீண்டும் உருவாகாது. வெளியே இருக்கும் பளபளப்பான பரப்பு முழுவதும் அந்தச் சின்னக் குழியை இன்னும் வேகமாக அரிக்க உதவி செய்யும்.

எஃகு வகைகள் குழி விழாமல் தாங்கும் திறனை ஒப்பிட ஒரு கணக்கு இருக்கிறது. குரோமியம் சதவீதத்தோடு, மாலிப்டினத்தை 3.3ஆல் பெருக்கியும் நைட்ரஜனை 16ஆல் பெருக்கியும் கூட்டுங்கள். 304 என்ற எஃகு வகைக்கு 20 அளவில் வரும். 316க்கு 25 அளவில். இரண்டு படிக அமைப்புகள் கலந்த 2205 டூப்ளெக்ஸ் எஃகுக்கு 35. வெதுவெதுப்பான கடல் நீரில் இண்டு இடுக்குகளில் நம்பி விட வேண்டுமென்றால் 40ஐத் தாண்ட வேண்டும். சூப்பர் டூப்ளெக்ஸ் அந்த வகை. நம் கடல் நீரின் சூட்டில் 316 ஷாஃப்ட்டின் இடுக்கில் குழி விழுவதில் ஆச்சரியம் இல்லை. 304 போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் விழும். விலை கட்டுப்படியானால் 2205 வாங்குங்கள் என்பதே எங்கள் யோசனை.

காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்காதீர்கள். 304, 316, மலிவான 200 வரிசை மூன்றுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. உயர்ந்த டூப்ளெக்ஸோ ஒட்டும். ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள ஹீட் எண்ணும் (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்) கம்பியில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெரிய பழைய உலோக வியாபாரிகளிடம் கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் கருவி இருக்கும். ஒரு நிமிடத்தில் மாலிப்டினம் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று சொல்லிவிடும்.

ஷாஃப்ட் அதிகம் கெடுவது ஓடும்போது அல்ல, நிற்கும்போது. குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கம் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த இரண்டு மாதமும் படகு தண்ணீரிலேயே கிடந்தால், இடுக்கில் நின்ற நீருக்கு அரிக்க முழு அவகாசம் கிடைக்கிறது. கரையேற்ற முடிந்தால் ஷாஃப்ட் வெளியே செல்லும் ஸ்டெர்ன் குழாயை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள். முடியாவிட்டால் வாரம் ஒருமுறையாவது எஞ்சினை ஓட்டி ஷாஃப்ட்டைச் சுழல விடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கிளாண்டில் கிராஃபைட் கயிறு போடாதீர்கள். கடல் நீரில் கிராஃபைட்டும் எஃகும் தொட்டுக்கொண்டால் பேட்டரிபோல் வேலை செய்து எஃகு அரிபடும். எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டியை உள்ளூரில் பழைய துத்தநாகத்தை உருக்கி வார்த்து மாட்டுவதும் வேண்டாம். இரும்புச் சட்டியில் உருக்கும்போது துத்தநாகம் இரும்பைக் கரைத்துக்கொள்ளும். இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டினாலே கட்டியின்மேல் ஓடு படிந்து அது வேலை நிறுத்தம் செய்துவிடும். ஆறு மாதம் கழித்தும் துத்தநாகம் கரையாமல் அப்படியே இருக்கிறதென்றால் சந்தோஷப்பட வேண்டாம். அது காக்கவில்லை என்று பொருள். அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

எங்கள் புராஜெக்டில் 304 எஃகின்மேல் பிளாஸ்மா ஸ்ப்ரே முறையில் உருக்கித் தெளித்த ஜிர்கோனியா (ஜிர்கோனியம் ஆக்சைடு) பூச்சு, உலையில் சில முறை சூடாக்கிக் குளிர்வித்ததும் ஓரத்திலிருந்து உரிகிறது. அதில் 8 சதவீத யிட்ரியாதான் (யிட்ரியம் ஆக்சைடு) போட வேண்டுமா?
(பொறியியல் மாணவி, தக்கலை)

யிட்ரியா அளவு சரிதான். கலப்பில்லாத ஜிர்கோனியா 1,170 டிகிரி அருகே படிக அமைப்பை மாற்றும். குளிரும்போது கன அளவு 4 சதவீதத்துக்கும் மேல் பெருகி, தானே பொடிந்துவிடும். எடையில் 6 முதல் 8 சதவீதம் யிட்ரியா சேர்த்தால் அது அடங்கும். இன்னும் அதிகமாகச் சேர்த்தால் கனசதுர அமைப்பு நிலைக்கும், ஆனால் வெடிப்பைத் தாங்கும் உறுதி குறையும். சுழற்சிச் சோதனைகளில் அதிக நாள் உழைப்பது இந்த 6-8 சதவீத வகைதான்.

கோளாறு உங்கள் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு டிகிரி சூட்டுக்கு 304 எஃகு பத்து லட்சத்தில் 17, 18 பங்கு விரியும் என்றால் ஜிர்கோனியா 10, 11தான் விரியும். கடும் வெப்பம் தாங்கும் நிக்கல் சூப்பர் அலாய்கள் 13 முதல் 16 வரை. அவற்றோடு ஒத்துப்போவது சுலபம். அந்த வகையைச் சேர்ந்த பழைய இன்கோனல் துண்டு ஏதாவது கிடைக்குமா பாருங்கள். இடையில் நிக்கல்-குரோமியம்-அலுமினியம்-யிட்ரியம் ஒட்டுப்பூச்சு 100 மைக்ரான் அளவுக்கு இருக்கிறதா? ஜிர்கோனியா ஆக்சிஜனைத் தன் வழியே விட்டுவிடும். அந்த ஆக்சிஜனை மெல்லிய அலுமினா படலமாக மாற்றி நிறுத்துவது ஒட்டுப்பூச்சின் வேலை. அது இல்லாவிட்டால் எஃகு அடியில் ஆக்சைடாகித் தடித்து, மேல்பூச்சைத் தள்ளிவிடும்.

உரிந்த சில்லைப் புரட்டிப் பாருங்கள். இரு பக்கமும் வெள்ளையாக இருந்தால் செராமிக்குக்குள்ளேயே வெடித்திருக்கிறது. விரிவு வித்தியாசமோ பூச்சின் தடிமனோ காரணம். தடிமனை 250 மைக்ரானுக்குள் வையுங்கள். உலோகப் பக்கம் கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் ஆக்சைடு படலம் விட்டுக்கொடுத்திருக்கிறது. துண்டின் ஓரங்கள் கூர்மையாக இருந்தால் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுக்கிவிட்டுப் பூசுங்கள். இழுவிசை குவிவது ஓரத்தில்தான். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய பரப்பைக் கையால் தொடாமல் உடனே பூசுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அதை மறுநாள் வரை வைத்தால் ஒட்டாது. தூளையும் முன்கூட்டியே உலர்த்திக்கொள்ளுங்கள்.

கடல் காற்றில் உள்ள உப்பு ஜெட் எஞ்சினின் உள்ளேயும் அரிக்குமா?
(கன்னியாகுமரி)

அரிக்கும். காற்றில் வரும் உப்பின் சோடியமும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகி டர்பைன் பிளேடில் படியும். அது 884 டிகிரியில் உருகி, உலோகத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடும். அதனால் 850 முதல் 950 டிகிரி வரை ஆபத்தான பகுதி. இன்னும் சூடானால் அந்தப் படிவு ஆவியாகிப் போய்விடும் என்பதால், வெப்பம் கூடினால் எப்போதும் கேடு கூடும் என்று கணக்குப் போட முடியாது. நிக்கல், கோபால்ட் சல்பேட்டுகளும் கலந்தால் 700 டிகிரி அருகிலேயே உருகித் தனி வகைக் குழிகள் விழும். கடலோரத்தில் இயங்கும் எஞ்சின்களைத் தண்ணீர் விட்டு அடிக்கடி கழுவுவது இதனால்தான். பிளேடின் கலவையில் குரோமியத்தைக் கூட்டுவதும் உதவும்.

இந்தத் துறையில் படிக்க எங்கே போகலாம்? பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்திருக்கிறேன்.
(மார்த்தாண்டம்)

உலோகவியல் என்றால் திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., சேலம் அரசு பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே பி.டெக். படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இருக்கிறது; பலருக்கும் தெரியாத நல்ல படிப்பு. எம்.எஸ்சி. இயற்பியல், வேதியியல் வழியாகவும் ஆராய்ச்சிக்கு வரலாம். அரிமானம் பிடித்திருந்தால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். உங்களுக்கு அருகில் என்றால் திருவனந்தபுரத்தில் சி.எஸ்.ஐ.ஆரின் ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஐ.எஸ்.டி.

உலோகம் உருக்கும் புது கிராஃபைட் மூசை மழைக்காலத்தில் மட்டும் சீக்கிரம் வெடிக்கிறது. ஓரமும் தேய்ந்து மெலிகிறது. என்ன செய்யலாம்?
(நகைப் பட்டறை, வடசேரி)

இரண்டு மழையும் வாங்கும் ஊரில் மூசையைத் தரையில் வைத்தாலே போதும், ஈரம் ஏறிவிடும். அந்த ஈரத்தோடு உலையில் வைத்தால் நீராவிக்கு வெளியேற நேரமில்லாமல் சுவர் செதில் செதிலாகத் தெறிக்கும். மரப்பலகைமேல், அடுப்புப் பக்கமாக வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்காதீர்கள். புதிதை முதலில் 200 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வெறுமையாக உலர்த்துங்கள். அதன்பின் சிவக்கும் வரை தாமதிக்காமல் ஏற்றுங்கள். 400 முதல் 700 டிகிரி வரை மெதுவாக இழுத்தால், மேலுள்ள கண்ணாடிப் பூச்சு உருகி மூடுவதற்கு முன்பே கிராஃபைட் காற்றில் எரிந்து மெலியும். உங்கள் மூசையின் ஓரம் தேய்வதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெங்காரம் (போராக்ஸ்). உருகிய வெங்காரம் அந்தக் கண்ணாடிப் பூச்சையும் களிமண்ணையும் கரைத்துவிடும். காலி மூசையில் முதலிலேயே தூவாமல், உலோகம் உருகியபின் அதன் நடுவில் கொஞ்சமாகப் போடுங்கள், சுவரில் படக்கூடாது. உலோகத் துண்டை மூசையில் குறுக்காக இறுக்கி வைக்காதீர்கள். சூட்டில் அது மூசையைவிட அதிகம் விரிந்து சுவரைப் பிளக்கும். மிச்சம் உருகியதை உள்ளேயே உறையவிட்டாலும் அடுத்த முறை இதேதான் நடக்கும். கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிடுங்கள். குறட்டால் வாயைப் பிடித்துத் தூக்காமல், அகன்று பிடிக்கும் குறடாக வைத்து நடுவுக்குக் கீழே பிடியுங்கள்.